ஆக்சஸ் தரவுத்தளத்தில் ‘தொலைவிலிருந்து நிரல் இயக்கும்’ குறைபாடு: ஒரு நிறுவனத்தின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிறுவனத்துக்கு ஒரு தலைமையகமும் பல கிளைகளும் உண்டு. கையிருப்பு, கொள்முதல், பராமரிப்புச் செலவு ஆகியவற்றின் மாதக் கணக்கு முழுவதும் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் எழுதப்பட்ட ஒரே பயன்பாட்டை நம்பி நடந்துவந்தது. அதை எழுதியவர் கணக்குப் பிரிவில் பணியாற்றிய ஓர் ஊழியர். தம் பிரிவின் தேவைக்காகத் தாமே கற்றுக்கொண்டு, பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக வளர்த்தார். அவர் பணி ஓய்வு பெற்ற பின்னும் பயன்பாடு ஓய்வு பெறவில்லை. எம்டிபி (.mdb) என்ற பழைய கோப்பு வடிவில் தொடங்கிய அது, ஆக்சஸ் 2007 கொண்டுவந்த ஏசிசிடிபி (.accdb) வடிவுக்குப் பாதியளவில் மாறியிருந்தது: தலைமையகம் புதிய வடிவிலும் கிளைகள் பழைய வடிவிலும் வேலை செய்துவந்தன.

பயன்பாடு இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. படிவங்களும் அறிக்கைகளும் விபிஏ (ஆஃபிஸ் பயன்பாடுகளுக்குள் எழுதும் நிரல்மொழி) நிரலும் அடங்கிய முன்பகுதிக் கோப்பு ஒவ்வோர் ஊழியரின் கணினியிலும் இருக்கும். அட்டவணைகள் மட்டுமே கொண்ட பின்பகுதிக் கோப்பு சர்வரில் பொதுக் கோப்புறையில் இருக்கும். ஆக்சஸைப் பொறுத்தவரை இது நல்ல வழக்கம்தான். சிக்கல் கோப்புகள் பயணித்த முறையில் இருந்தது. முன்பகுதியில் ஏதேனும் திருத்தம் செய்தால், புதிய கோப்பு எல்லோருக்கும் மின்னஞ்சல் இணைப்பாகப் போகும். பெற்றவர்கள் அதைச் சேமித்து, பழையதை அழித்துவிட்டுத் திறந்துகொள்வார்கள். கிளைகள் தங்கள் மாத முடிவுப் பதிவுகளை எம்டிபி கோப்பாகவே தலைமையகச் சர்வரின் ஒரு கோப்புறையில் பதிவேற்றும். இரவில் ஓடும் ஓர் இறக்குமதிச் சேவை அவற்றைத் திறந்து, பதிவுகளை எடுத்துக்கொள்ளும்.

## அறிவிப்பும் முதல் வாசிப்பும்

2025 ஜனவரி 14 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்பில் ஆக்சஸ் தொடர்பான மூன்று குறைபாடுகள் இடம்பெற்றன; குறைபாடுகளுக்கான பொது அடையாள எண்ணான சிவிஇ வரிசையில் அவை: சிவிஇ-2025-21186, சிவிஇ-2025-21366, சிவிஇ-2025-21395. மூன்றும் ‘ரிமோட் கோட் எக்ஸிகியூஷன்’ (தொலைவிலிருந்து நிரல் இயக்குதல்) என்ற வகையில் சேர்க்கப்பட்டிருந்தன. குறைபாட்டின் கடுமையைப் பத்துக்கு அளவிடும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண் மூன்றுக்கும் 7.8. குறைபாட்டைச் சரிசெய்யும் பேட்ச் வருவதற்கு முன்பே பொதுவெளியில் அறியப்பட்டவை என்றும், தாக்குதலில் பயன்பட்டதற்கான தகவல் இல்லை என்றும் அறிவிப்பு குறிப்பிட்டது.

நிர்வாகத்தின் முதல் கேள்வி, ஆக்சஸை எல்லாக் கணினிகளிலிருந்தும் உடனே நீக்கிவிடலாமா என்பதாக இருந்தது. வலையமைப்புக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் யாருடைய உதவியும் இன்றி உள்ளே நுழைந்துவிடுவார் என்று வகைப்பெயரைப் படித்தவர்கள் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. மதிப்பெண்ணின் உட்கூறுகள் வேறு படத்தைக் காட்டின. தாக்குதல் நிகழும் இடம் ‘உள்ளூர்’ என்றும், பயனரின் செயல் ‘தேவை’ என்றும் அவை சொல்லின. அதாவது தாக்குபவர் எங்கோ இருக்கலாம்; ஆனால் அவர் தயாரித்த கோப்பை இங்கே ஒருவர் தம் கணினியில் திறந்தால்தான் நிரல் இயங்கும். திறந்துவைத்த சர்வர் சேவையை வலைவழியாகத் தாக்கும் குறைபாட்டுக்கும் இதற்கும் நடுவே பெரிய வேறுபாடு உண்டு.

இந்த வாசிப்பு வேலையின் வரிசையை நேரடியாகத் தீர்மானித்தது. அதே மாதப் புதுப்பிப்பில், விண்டோஸின் மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி தொடர்பான மூன்று குறைபாடுகள் (சிவிஇ-2025-21333, 21334, 21335) ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டுவந்தன என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. ஆகவே அந்தப் பேட்சுகளை முன்னிறுத்தி, ஆக்சஸ் தொடர்பானவற்றை அடுத்து எடுத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தால் இந்த இரண்டு தொகுதிகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றிருக்கும்.

அறிவிப்பில் கவனத்துக்குரிய இன்னொன்று, திருத்தம் செயல்படும் விதம். தீங்கு விளைவிக்கக்கூடிய கோப்பு வகைகள் மின்னஞ்சலில் அனுப்பப்படுவதை இந்தப் புதுப்பிப்பு தடுக்கிறது என்றும், பெறுபவருக்கு இணைப்பு ஒன்று இருந்தது, ஆனால் அதை அணுக முடியாது என்ற குறிப்பு மட்டும் தெரியும் என்றும் மைக்ரோசாஃப்ட் விளக்கியிருந்தது. தடுக்கப்படும் வகைகளில் ஏசிசிடிபியும், தொகுக்கப்பட்ட வடிவமான ஏசிசிடிஇயும் அடக்கம். நிறுவனம் முன்பகுதியைப் பகிர்ந்துவந்த வழியே இதனால் அடைபடப்போகிறது என்பது அப்போதே தெளிவாயிற்று.

## கணக்கெடுப்பு

பேட்ச் போடுவதற்கு முன், எங்கெல்லாம் போட வேண்டும் என்று தெரிய வேண்டும். இங்கேதான் அதிக நேரம் செலவாயிற்று. பயனும் இங்கேதான் அதிகம்.

நிறுவப்பட்ட மென்பொருள் பட்டியலில் ‘ஆஃபிஸ்’ என்று தேடினால் ஆஃபிஸ் தொகுப்பு உள்ள கணினிகள் மட்டும் கிடைத்தன. ஆனால் ஆக்சஸ் கோப்பைத் திறக்கும் திறன் மேலும் இரண்டு பெயர்களில் ஒளிந்திருந்தது. ஒன்று, முழு ஆக்சஸ் இல்லாத கணினிகளில் பயன்பாட்டை ஓட்டுவதற்காக நிறுவும் இலவச ‘ஆக்சஸ் ரன்டைம்’. மற்றொன்று, வேறு நிரல்கள் ஆக்சஸ் கோப்புகளையும் எக்செல் கோப்புகளையும் படிப்பதற்காக நிறுவும் ‘ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின்’. இரண்டும் தனித்தனியாக நிறுவப்படுபவை. ஆஃபிஸ் தொகுப்பைப் புதுப்பித்தால் இவையும் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று கருத இடமில்லை. கிளைகளின் சில கணினிகளில் 2013 பதிப்பின் ரன்டைமும், இறக்குமதிச் சேவை ஓடிய சர்வரில் 2010 பதிப்பின் எஞ்சினும் இருந்தன. 2010 பதிப்புக்கான ஆதரவு 2020 அக்டோபர் 13 அன்றும் 2013 பதிப்புக்கானது 2023 ஏப்ரல் 11 அன்றும் முடிந்துவிட்டன. அவற்றுக்குப் பேட்ச் வரப்போவதில்லை. ‘பேட்ச் போடப்படவில்லை’ என்று எந்த அறிக்கையும் அவற்றைச் சிவப்பில் காட்டவும் இல்லை. பேட்சே இல்லாத மென்பொருளை விடுபட்டதாக எண்ணும் வசதி அந்தக் கண்காணிப்புக் கருவிக்கு இருக்கவில்லை.

இரண்டாவது கண்டுபிடிப்பு, என் கணிப்பில், மூன்று சிவிஇ எண்களையும்விடக் கனமானது. ஆக்சஸில் ‘நம்பகமான இடம்’ என்று குறிக்கப்பட்ட கோப்புறையிலிருந்து திறக்கும் கோப்பின் மேக்ரோவும் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) விபிஏ நிரலும் எந்த எச்சரிக்கையும் இன்றி ஓடும். முன்பு எப்போதோ, கோப்பைத் திறக்கும்போதெல்லாம் தோன்றும் மஞ்சள் எச்சரிக்கைப் பட்டை தொல்லையாக இருக்கிறதென்று, பொது இயக்ககத்தின் வேரையும் அதன் அடியிலுள்ள எல்லாக் கோப்புறைகளையும் நம்பகமான இடமாகக் குழுக் கொள்கை (எல்லாக் கணினிகளின் அமைப்பையும் மையமாக வகுக்கும் வசதி) வழியே அமைத்திருந்தார்கள். சில ஊழியர்கள் தங்கள் பதிவிறக்கக் கோப்புறையையும் தாங்களே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மின்னஞ்சலில் வந்த எந்த ஆக்சஸ் கோப்பையும் அங்கே சேமித்துத் திறந்தால், ‘ஆட்டோஎக்செக்’ என்ற பெயருள்ள மேக்ரோ உடனே ஓடிவிடும். இதற்கு மென்பொருளில் குறைபாடே வேண்டியதில்லை, வடிவமைப்பின்படியே நடக்கும்.

இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியதையும், அந்தத் தடுப்பில் ஆக்சஸும் சேர்ந்திருப்பதையும் எடுத்துக்காட்டி, அதுவே போதுமே என்று ஒருவர் கேட்டார். அந்தத் தடுப்பு, கோப்போடு ஒட்டிவரும் ‘இணையத்திலிருந்து வந்தது’ என்ற அடையாளத்தைப் பார்த்தே செயல்படுகிறது. நம்பகமான இடத்தில் இருக்கும் கோப்புக்கு விலக்கு உண்டு. ஆகவே அந்த நிறுவனத்தில் அந்தத் தடுப்பு பெயரளவில் மட்டுமே இருந்தது. மேலும், கோப்பின் கட்டமைப்பைப் படிக்கும் நிரல்பகுதியிலேயே நினைவகப் பிழை இருந்தால், மேக்ரோவை முடக்குவது அதைத் தடுக்காது. கோப்புக்குள் இருக்கும் நிரல் ஓடுவது ஒன்று, கோப்பைப் படிக்கும் எஞ்சின் தடுக்கி விழுவது மற்றொன்று. முதலாவதற்கான பூட்டு இரண்டாவதற்குப் பொருந்தாது. எம்டிபி கோப்புகளைப் படிக்கும் ஜெட் எஞ்சினின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 2008 மார்ச்சில் தாக்குதல்காரர்கள் வேர்டு ஆவணம் ஒன்றின் வழியாக, பெயர் மாற்றப்பட்ட எம்டிபி கோப்பை ஏற்றவைத்து, ஜெட் எஞ்சினின் நினைவகக் குறைபாட்டைப் பயன்படுத்தினார்கள்; அதே ஆண்டு மே மாதம் எம்எஸ்08-028 என்ற அறிவிப்போடு திருத்தம் வந்தது.

மூன்றாவதாக, கடந்த கால நிகழ்வுப் பதிவுகளில் ஆக்சஸிலிருந்து பிறந்த துணைச் செயல்முறைகளைத் தேடினார்கள். ஆக்சஸ் திறந்திருக்கும்போது அதனடியில் கட்டளைச் சாளரமோ பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியோ ஓடியிருந்தால், அது விளக்கம் கேட்க வேண்டிய நிகழ்வு. அப்படிப் பல பதிவுகள் கிடைத்தபோது குழு சற்றே பதறியது. ஆராய்ந்ததில், பழைய பயன்பாடே தினமும் மாலையில் பின்பகுதியின் காப்புப் பிரதியைச் சுருக்குவதற்காகக் கட்டளைச் சாளரத்தை அழைத்துவந்தது தெரிந்தது. ஊடுருவலுக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் உண்மையான ஊடுருவல் நிகழ்ந்திருந்தால், இந்த அன்றாட இரைச்சலுக்குள் அது மறைந்துபோயிருக்கும்.

## முதல் முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஆக்சஸை உடனே நீக்கும் யோசனை கைவிடப்பட்டது. மாத முடிவுக் கணக்கு வேறெங்கும் இல்லை. நீக்கினால் ஊழியர்கள் தங்கள் சொந்தக் கணினிகளிலோ பழைய மடிக்கணினிகளிலோ கோப்பைத் திறக்கத் தொடங்குவார்கள், அவை யாருடைய கண்காணிப்பிலும் இல்லை.

ஆக்சஸுக்குப் பதிலாக, கட்டற்ற தரவுத்தள மென்பொருளான லிப்ரெஆஃபிஸ் பேஸுக்கு மாறலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. உரிமச் செலவு குறையும் என்ற அளவில் அது பரிசீலிக்கத்தக்கது. பாதுகாப்புக் காரணம் காட்டி அதைச் செய்வதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. பேஸ் கோப்பும் தனக்குள் தரவுத்தள எஞ்சினுக்கான கட்டளைகளைச் சுமந்துவரும் கோப்புதான். ஓபன்ஆஃபிஸ் பேஸில் தரவுத்தள ஆவணத்தின் வழியே ஜாவா நிரலை இயக்க இடம்கொடுத்த சிவிஇ-2007-4575, லிப்ரெஆஃபிஸில் தரவுத்தளக் கோப்பு வேறு கோப்புகளின் மேல் எழுத இடம்கொடுத்த சிவிஇ-2023-1183 ஆகியவை அதே வகையைச் சேர்ந்தவை. மென்பொருளை மாற்றினால் குறைபாட்டின் எண் மாறும்; அறியாத இடத்திலிருந்து வந்த தரவுத்தளக் கோப்பைத் திறக்கும் வழக்கம் அப்படியே இருக்கும்.

எனவே முதல் வாரத்தில் மூன்று செயல்கள் நடந்தன. ஆதரவுள்ள பதிப்புகள் அனைத்துக்கும் புதுப்பிப்பு போடப்பட்டது. பொது இயக்ககத்தின் வேரை நம்பகமான இடமாக வைத்திருந்த அமைப்பு நீக்கப்பட்டு, ஊழியர்கள் தாங்களாகப் புதிய இடம் சேர்க்கும் உரிமையும் முடக்கப்பட்டது. முன்பகுதி இருக்கும் ஒரே ஒரு கோப்புறை மட்டும் அந்தத் தகுதியைப் பெற்றது. ஆதரவு முடிந்த ரன்டைம்கள் நீக்கப்பட்டு, அந்தக் கணினிகளில் புதிய பதிப்பின் ரன்டைம் நிறுவப்பட்டது.

ஆஃபிஸ் பயன்பாடுகள் துணைச் செயல்முறைகளைத் தோற்றுவிப்பதைத் தடுக்கும், மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரின் விதி ஆக்சஸுக்கும் பொருந்தும். அதை உடனே தடுப்பு நிலையில் வைக்காமல், முதலில் தணிக்கை நிலையில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) மட்டும் இயக்கினார்கள். காப்புப் பிரதி எடுக்கும் பழைய நிரல்துண்டு அன்றே நின்றுபோயிருந்தால், பாதுகாப்பு நடவடிக்கையே தரவு இழப்புக்கு வழிவகுத்திருக்கும். காப்புப் பிரதியைச் சர்வரின் திட்டமிட்ட பணியாக மாற்றி எழுதிய பிறகே விதி தடுப்பு நிலைக்குப் போனது. நிகழ்வுப் பதிவுகளும் அதன்பின் அமைதியாயின. இனி ஆக்சஸுக்கு அடியில் ஏதேனும் ஓட முயன்றால் அது தனித்துத் தெரியும்.

## புதுப்பிப்புக்குப் பிறகு நேர்ந்தது

எதிர்பார்த்தபடியே, அடுத்த முறை முன்பகுதி திருத்தப்பட்டபோது மின்னஞ்சல் இணைப்பு யாருக்கும் திறக்கவில்லை. எதிர்பார்த்திராதது, ஊழியர்கள் அதைச் சமாளித்த வேகம். கோப்பின் பின்னொட்டை உரைக்கோப்பாக மாற்றி அனுப்பி, பெற்றவரிடம் திரும்ப மாற்றச் சொன்னார்கள் சிலர். கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பாக அனுப்பி, கடவுச்சொல்லை அதே மடலின் அடியில் எழுதினார்கள் வேறு சிலர். வேலை நடக்க வேண்டும் என்ற அக்கறையில் செய்தது. அவர்களைக் குறை சொல்லி எழுதிய சுற்றறிக்கை வரைவு அனுப்பப்படாமலே கிழிக்கப்பட்டது நல்லதாயிற்று.

ஆனால் விளைவு மோசமானது. கடவுச்சொல் இட்ட ஜிப்பின் உள்ளே என்ன இருக்கிறதென்று மின்னஞ்சல் வடிகட்டிக்குத் தெரியாது. மேலும், ஜிப்பிலிருந்து பிரித்தெடுக்கும் சில கருவிகள் ‘இணையத்திலிருந்து வந்தது’ என்ற அடையாளத்தை உள்ளிருக்கும் கோப்புக்குக் கடத்துவதில்லை. பரவலாகப் பயன்படும் 7-ஜிப்பில் அந்த வசதி 2022-இல் வந்த 22.00 பதிப்பில்தான் சேர்ந்தது, அதுவும் பயனர் தாமே இயக்கினால்தான். முன்பு நேராக வந்த கோப்பு அடையாளத்தோடு வந்தது. இப்போது சுற்றுவழியில் அடையாளம் உதிர்ந்துபோய் வந்தது. பின்னொட்டைத் தடை செய்த நடவடிக்கை, அந்த நிறுவனத்தில் சில நாட்களுக்கு நிலைமையை முன்னிருந்ததைவிடச் சற்றுத் தளர்த்திவிட்டது என்று சொல்வதே நேர்மை.

இரண்டு வகையில் இது சரிசெய்யப்பட்டது. மின்னஞ்சல் வடிகட்டி, பின்னொட்டைப் பாராமல் கோப்பின் தொடக்க எழுத்துகளைப் பார்க்குமாறு மாற்றப்பட்டது. எம்டிபி கோப்பின் முதல் சில பைட்டுகளை அடுத்து ‘ஸ்டாண்டர்ட் ஜெட் டிபி’ என்றும், ஏசிசிடிபி கோப்பில் ‘ஸ்டாண்டர்ட் ஏஸ் டிபி’ என்றும் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும். பெயரை எப்படி மாற்றினாலும் இது மாறாது. வெளியிலிருந்து வரும் கடவுச்சொல் இட்ட ஜிப்புகள் தனியே நிறுத்திவைக்கப்பட்டு, பெறுபவர் கேட்டால் மட்டும் ஆய்வுக்குப் பின் விடுவிக்கப்பட்டன.

அதைவிட முக்கியமானது, மின்னஞ்சலில் அனுப்ப வேண்டிய தேவையையே நீக்கியது. சர்வரில் ஊழியர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும் உள்ள கோப்புறையில் முன்பகுதியின் நடப்புப் பதிப்பு வைக்கப்பட்டது. ஊழியரின் திரையிலுள்ள குறுவழியைச் சொடுக்கினால், சிறிய நிரல் ஒன்று அந்தக் கோப்பை அவர் கணினிக்கு நகலெடுத்துத் திறக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகவே நகலெடுக்கும். பதிப்பு மாறியிருக்கிறதா என்று ஒப்பிடும் வேலை வைக்கப்படவில்லை. காரணம், ஆக்சஸ் தான் திறந்த முன்பகுதிக் கோப்பில் எழுதவும் செய்யும் என்பதால், உள்ளூர் கோப்புறைக்கு எழுதும் உரிமை தந்தே ஆக வேண்டும். அங்கே யாரேனும் கோப்பை மாற்றிவைத்தாலும், அடுத்த முறை குறுவழியைச் சொடுக்கும்போது அந்த மாற்றம் அழிந்துவிட வேண்டும் என்பது நோக்கம். அந்தக் கோப்புறையில் வேறு பெயரில் இன்னொரு கோப்பை வைத்துத் திறக்கும் வழி இன்னும் அடைபடவில்லை. குறுவழி நிரல் தொடங்கும்போது கோப்புறையைக் காலி செய்கிறது. முழுத் தீர்வு அன்று.

## இறக்குமதிச் சேவை

கணக்கெடுப்பில் சர்வரில் கிடைத்த 2010 பதிப்பு எஞ்சின் முதலில் பட்டியலின் அடியில்தான் இருந்தது. அது யாரும் உட்கார்ந்து வேலை செய்யும் கணினி இல்லையே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இரண்டாவது வாரம் குழுவில் இளையவர் ஒருவர் அந்தக் காரணத்தைத் தலைகீழாகத் திருப்பினார்: யாரும் உட்காராத இடத்தில் கோப்பைத் திறப்பது யார்?

பதில் சங்கடமானது. கிளைகள் பதிவேற்றும் எம்டிபி கோப்பை இறக்குமதிச் சேவை தானே திறந்தது. தாக்குதலுக்குப் பயனரின் செயல் தேவை என்று மதிப்பெண் சொன்ன நிபந்தனையை அந்தச் சேவை ஒவ்வோர் இரவும் தானாக நிறைவேற்றிக்கொண்டிருந்தது. கிளைக் கணினி ஒன்றோ, பதிவேற்றக் கணக்கின் கடவுச்சொல் ஒன்றோ பறிபோனால், தாக்குபவர் ஒரு கோப்பை வைத்துவிட்டு இரவு வரை காத்திருந்தால் போதும். சேவை ஓடியதோ உயர் உரிமைகள் கொண்ட கணக்கில். எஞ்சினோ பேட்ச் வராத பதிப்பு. ஜனவரியில் அறிவிக்கப்பட்ட மூன்று குறைபாடுகள் அந்த எஞ்சினில் இருந்தனவா என்ற கேள்வியே இங்கே இரண்டாம்பட்சம். 2020 அக்டோபருக்குப் பின் ஜெட் எஞ்சினிலும் அதன் வாரிசான ஏஸ் எஞ்சினிலும் திருத்தப்பட்ட எதுவும் அதற்கு வந்துசேரவில்லை. அவற்றுள் 2021 மே மாதம் திருத்தப்பட்ட சிவிஇ-2021-28455 குறிப்பிடத்தக்கது. வினவல் ஒன்றின் வழியே வேறு கணினியிலுள்ள தரவுத்தளக் கோப்பை எஞ்சின் தேடிச்சென்று திறக்கும் வசதியோடு அது தொடர்புடையது.

இந்த எஞ்சினை, கணினியின் சொந்தப் பயனர் கணக்கில் ஓடும் சர்வர் சேவைகளில் பயன்படுத்துவது அதன் நோக்கமன்று என்று மைக்ரோசாஃப்ட் அதன் பதிவிறக்கக் குறிப்பிலேயே எழுதியிருந்தது. பலர் படிக்காமல் கடந்துபோகும் வரி அது. நிலைத்தன்மை குறித்த எச்சரிக்கையாகத்தான் பெரும்பாலும் அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

பட்டியலில் அடியில் இருந்தது அன்றே முதலிடத்துக்கு வந்தது. இரவு இறக்குமதி அன்றே நிறுத்தப்பட்டு, பதிவேற்றக் கோப்புறையில் இருந்த கோப்புகள் ஆய்வுக்காகத் தனியே எடுத்துவைக்கப்பட்டன; அவற்றில் ஐயத்துக்குரியது எதுவும் இருக்கவில்லை. பின்னர் விவாதிக்கப்பட்ட வழிகள் மூன்று. எஞ்சினைப் புதிய பதிப்புக்கு உயர்த்திப் பழையபடியே தொடர்வது எளிது. ஆனால் அடுத்த குறைபாடு வரும் நாளில் இதே நிலைக்குத் திரும்புவோம். எம்டிபி கோப்பைப் படிக்கும் திறமூலக் கருவியை லினக்ஸில் வைப்பது இரண்டாவது. தாக்குபவர் குறிவைக்கும் எஞ்சின் அங்கே இருக்காது என்ற நன்மை உண்டு, என்றாலும் அதுவும் நம்பகமற்ற சிக்கலான இருமக் கோப்பைப் படிக்கும் இன்னொரு நிரல்தான். மூன்றாவது, கிளைகள் தரவுத்தளக் கோப்பை அனுப்புவதையே நிறுத்தி, எளிய உரை வடிவான சிஎஸ்வியில் பதிவுகளை மட்டும் அனுப்புவது. இறக்குமதி நிரல் ஒவ்வொரு புலத்தின் நீளத்தையும் வகையையும் சரிபார்த்து, பொருந்தாத வரியை ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் எல்லாக் கிளைகளின் பயன்பாட்டையும் மாற்றி முடிக்கும்வரை மாதக் கணக்கு நிற்க முடியாது. இடைக்காலத்துக்கென்று தனி மெய்நிகர் கணினி ஒன்று அமைக்கப்பட்டது. அதில் புதிய எஞ்சின் மட்டும் இருந்தது. சேவை குறைந்த உரிமைகள் கொண்ட கணக்கில் ஓடியது. எம்டிபியைப் படித்து சிஎஸ்வியாக மாற்றி ஒரே ஒரு கோப்புறையில் வைப்பதைத் தவிர வேறு வேலை அதற்கு இல்லை. ஒவ்வோர் இரவும் வேலை முடிந்ததும் அது தொடக்க நிலைக்கு மீட்கப்பட்டது. அதிலிருந்து வெளியே செல்லும் எல்லா இணைப்புகளும், வலை உலாவலுக்கான 80-ஆம் போர்ட் (இணைப்புகளுக்கான எண்ணிட்ட வாயில்) உட்பட, அடைக்கப்பட்டன. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு: ஆக்சஸின் இணைக்கப்பட்ட அட்டவணைகளைக் கொண்டு, ஒரு கோப்பு பயனரின் என்டிஎல்எம் (விண்டோஸ் உள்நுழைவு முறை) அடையாளச் சான்றை 80 போன்ற போர்ட் வழியாக வெளி சர்வருக்கு அனுப்பவைக்க முடியும் என்று 2023-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியிருந்தார்கள். வழக்கமாக அடைக்கும், கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை மட்டும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

## விளைவு

ஊடுருவல் நிகழவில்லை; ஆகவே இந்த நடவடிக்கைகளில் எது தாக்குதலைத் தடுத்தது என்று சுட்டிக்காட்டவும் வழியில்லை. காணக்கூடிய மாற்றங்கள் அன்றாட வேலையில் தெரிந்தன. முன்பகுதியின் பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டு ‘என் திரையில் அந்தப் பொத்தானே இல்லை’ என்று கேட்கும் அழைப்புகள் நின்றன. பாதுகாப்புக்காகச் செய்த குறுவழி மாற்றத்தை ஊழியர்கள் வரவேற்றதற்கு இதுவே காரணம். சிஎஸ்விக்கு மாறிய கிளைகளில், தவறான நாள் வடிவமும் எதிர்மறைக் கையிருப்பும் கொண்ட வரிகள் முதல் மாதமே கணிசமாகச் சிக்கின. பழைய இறக்குமதி அவற்றைக் கேள்வியின்றி உள்ளே விட்டுவந்திருக்கிறது.

எதிர்ப்பும் இருந்தது. கிளை மேலாளர் ஒருவர், எந்தத் தாக்குதலும் நடக்காதபோது மாத முடிவு வேலையைத் தாமதப்படுத்தியதை எழுத்துமூலமாக ஆட்சேபித்தார். அவருக்குத் தரப்பட்ட பதிலில் அச்சமூட்டும் சொற்கள் தவிர்க்கப்பட்டு, அவர் கிளையின் பதிவேற்றக் கணக்கின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வி மட்டும் இடம்பெற்றது. கடவுச்சொல் அந்த வாரமே மாற்றப்பட்டது.

## இனிச் செய்யும்போது மாற வேண்டியவை

கணக்கெடுப்பைக் கணினிகளிலிருந்து தொடங்காமல் கோப்பு வகையிலிருந்து தொடங்க வேண்டும். ‘ஆக்சஸ் எங்கெல்லாம் இருக்கிறது’ என்று கேட்டதால் சர்வர் பின்னால் போனது. ‘எம்டிபி கோப்பை எதெல்லாம் திறக்கிறது’ என்று கேட்டிருந்தால் இறக்குமதிச் சேவை முதல் நாளே மேலே வந்திருக்கும். இதே கேள்வியை எக்செல் கோப்புகளுக்கும் பிடிஎஃப் கோப்புகளுக்கும் இப்போது கேட்டுவருகிறார்கள். வாடிக்கையாளர் அனுப்பும் விலைப்பட்டியலைத் தானாகத் திறந்து படிக்கும் நிரல் ஒன்று அதில் ஏற்கெனவே அகப்பட்டிருக்கிறது.

ஆதரவு முடிந்த மென்பொருளைத் தனி வகையாகக் காட்டும் அறிக்கை பேட்ச் அறிக்கையோடு சேர்ந்தே வர வேண்டும். ஆஃபிஸ் 2016, 2019 பதிப்புகளின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடியவிருந்ததால், அவற்றைச் சேர்ந்த தனி எஞ்சின்களும் பட்டியலில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டன.

ஒரு வழியை அடைக்கும் புதுப்பிப்பைப் போடும் நாளில், அந்த வழியைப் பயன்படுத்தி வேலை செய்தவர்களுக்கான மாற்று வழியும் தயாராக இருக்க வேண்டும். இங்கே குறுவழி நிரல் எழுதி முடிக்க இரண்டு பகல்கள்கூட ஆகவில்லை. புதுப்பிப்புக்கு முன்பே அதைச் செய்திருந்தால் கடவுச்சொல் இட்ட ஜிப்புகள் புழக்கத்துக்கே வந்திருக்காது.

எல்லாக் கிளைகளும் இன்னும் சிஎஸ்விக்கு மாறவில்லை. வெளி ஒப்பந்ததாரர் ஒருவரிடமிருந்து வரும் பதிவுகளும் அவருடைய மென்பொருளால் எம்டிபியாகவே உருவாகின்றன; அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் வடிவ மாற்றம் நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதுவரை அந்த மெய்நிகர் கணினி ஓடும், ஒவ்வோர் இரவும் மீட்கப்படும். அதை நிறுத்த வேண்டிய மாதமும் பொறுப்பாளரும் மாற்றப் பதிவேட்டில் குறிக்கப்பட்டுள்ளன.